நாடி ஐம்பத்தாறு

நான் முன்கோபி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு நடந்த தப்பில் பாதி என் கையால் நடந்தது, மீதி என் வாயால் நடந்தது. வாயால் நடந்ததுதான் எனக்கு இன்னும் செரிக்கவில்லை.

ஈப்போவில் ஓர் ஆஸ்பத்திரி. ஆப்பரேஷன் அறையில், மயக்க மருந்துப் பகுதியில் எனக்கு வேலை. டாக்டர் இல்லை, நர்சும் இல்லை. டாக்டருக்குப் பக்கத்தில் நிற்கிற ஆள். காலையில் மயக்க மிஷினைச் சோதித்து வைப்பது, மருந்துகளை ஊசியில் இழுத்துப் பெயர் ஒட்டி வைப்பது, ஆளைத் தூங்க வைக்கும்போது தாடையைத் தூக்கிப் பிடிப்பது, தூங்கியபின் திரையில் ஓடுகிற நம்பர்களை விடாமல் பார்ப்பது. இருபத்திரண்டு வருடமாக நம்பர் பார்க்கிறேன். வீட்டில் குக்கர் விசிலைக்கூட நான் வாய்க்குள் எண்ணுகிறேன் என்று என் மனைவி கிண்டல் பண்ணுவாள்.

கை கால் ஆப்பரேஷன் என்றால் இப்போதெல்லாம் முழு மயக்கத்தோடு பிளாக்கும் போடுகிறோம். பிளாக் என்றால், அந்தக் காலுக்குப் போகிற நரம்பைத் தேடிப் பிடித்து, அதைச் சுற்றி மரத்துப்போகிற மருந்தை விடுவது. நரம்பு மரத்துவிட்டால் வெட்டுகிற வலி மூளைவரை போய்ச் சேராது. மயக்க மருந்தும் வலி மருந்தும் கொஞ்சமாகக் கொடுத்தால் போதும். இருதயமும் சிறுநீரகமும் தேய்ந்துபோனவர்களுக்கு அது பெரிய விஷயம். எழுந்த பிறகும் பல மணி நேரத்துக்கு வலி தெரியாது.

ஆள் விழித்திருக்கும்போது போட்டால், பிளாக் பிடித்ததா இல்லையா என்று பார்ப்பது சுலபம். ரப்பர் கையுறையின் விரலில் தண்ணீர் ஊற்றி உறைய வைத்த ஐஸ் எங்களிடம் எப்போதும் இருக்கும். முதலில் நல்ல காலில் வைத்துக் குளிருதா என்று கேட்போம். பிறகு பிளாக் போட்ட காலில் வைத்துக் கேட்போம். இல்லை என்று சொன்னால் பிடித்துவிட்டது. ஆள் தூங்கியபின் போட்டால் யாரிடம் கேட்பது? உடம்பிடம்தான் கேட்க வேண்டும். சர்ஜன் பல் வைத்த இடுக்கியால் தோலை இறுக்கிக் கிள்ளுவார். நான் திரையைப் பார்ப்பேன். நாடி துள்ளினால், பிரஷர் ஏறினால், கண்மணி விரிந்தால், கண்ணில் நீர் கட்டினால், பிளாக் பிடிக்கவில்லை என்று அர்த்தம். எதுவும் அசையவில்லை என்றால் பிடித்துவிட்டது என்று எடுத்துக்கொள்வோம். எடுத்துக்கொள்வோம், அவ்வளவுதான். இதை அளப்பதற்கென்றே பெரிய பெரிய மிஷின்கள் வந்துவிட்டனவாம். எங்கள் அறைக்கு வரவில்லை. எங்கள் அறையில் அந்த மிஷின் நான்தான்.

அன்றைக்கு ஆப்பரேஷன் மேஜையில் கிடந்த அக்கா எனக்கு ரத்த சொந்தம் இல்லை. சுங்கை சிப்புட் பக்கத்தில் நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்தில், எங்கள் லயத்து வீட்டு வரிசையில் நாலாவது வீடு அவர்களுடையது. என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்தவர். தோட்டம் எண்ணெய் எடுக்கிற செம்பனைக்கு மாறி, அப்புறம் வீடு கட்டுகிறவன் கைக்குப் போய், ஆளுக்கொரு பக்கம் போய்விட்டோம். சிலர் தெலுக் இந்தான் பக்கம் செம்பனை வேலைக்கே போனார்கள். அக்கா ஈப்போவுக்கு வந்து, மலிவு விலை அடுக்குவீட்டில் மூன்றாம் மாடியில் இருந்துகொண்டு, ஒரு பள்ளிக்கூடத்தில் கூட்டித் துடைக்கிற வேலை பார்த்தார். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகள், தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. அக்காவுக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, வந்து வருடங்கள் ஆகிவிட்டன. காலில் ஒரு சின்னப் புண் வந்து ஆறாமலே இருந்து, மூன்று விரல் கருத்துப்போய், கருப்பு பாதத்தில் ஏறத் தொடங்கியிருந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடுவது என்று முடிவாயிற்று.

முதலில் குறித்த தேதியில் ஆப்பரேஷன் அறை வாசலில் தள்ளுகட்டிலில் கிடந்தவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவருக்குத்தான் என்னைத் தெரிந்தது. நம்ம தோட்டத்து ஸ்டோர்க்காரர் மகன்தானே நீ, இவ்வளவு பெரிய ஆளாகிவிட்டாயே என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். மிஷினை மாட்டிப் பார்த்தால் பிரஷர் இருநூறைத் தாண்டி நிற்கிறது, நாடி நூற்றுப் பத்து.

எங்கள் மயக்க மருந்து நிபுணர் ஒரு மலாய்க்காரப் பெண்மணி. என்னைவிட வயதில் சின்னவர், ஆனால் வேலையில் படு கெட்டிக்காரர். இன்றைக்கு வேண்டாம், பிரஷர் மாத்திரையைக் கூட்டி ஒரு வாரம் கழித்துக் கூப்பிடுவோம் என்றார். அதற்கு முன்னால் அக்காவிடம் என்ன பயம் என்று கேட்கச் சொன்னார். நான் தமிழில் கேட்டு மலாயில் சொன்னேன். அக்காவுக்கு இரண்டு பயம். ஒன்று, வாளால் எலும்பை அறுக்கிற சத்தம் காதில் விழக்கூடாது. அதனால் முதுகில் ஊசி போட்டு முழித்துக்கொண்டு கிடப்பதெல்லாம் நடக்காத காரியம். மயக்கம் கொடுத்த பிறகுதான் யாரும் காலில் கை வைக்க வேண்டும். இரண்டாவது, எழுந்திருக்கும்போது வலி. அவருடைய அண்ணனுக்கும் இதேபோலக் கால் எடுத்திருக்கிறார்கள். அன்று சாயங்காலம் அந்த மனுஷன் வார்டில் கத்திய கத்து, படி இறங்கிப் போன பிறகும் அக்காவுக்குக் கேட்டிருக்கிறது.

"கால் போனா போவட்டும் தம்பி. எந்திரிக்கும்போது வலிக்கக்கூடாது. அது மட்டும் போதும்" என்றார்.

"வலிக்காதுக்கா. நான் பக்கத்துலயே நிப்பேன். என் பொறுப்பு."

இதை அந்த நிபுணர் முன்னால், இரண்டு நர்ஸ் முன்னால் சொன்னேன். என்ன சொன்னாய் என்று நிபுணர் கேட்டார். சொன்னேன். அப்படியெல்லாம் வாக்குக் கொடுக்காதே, முடிந்ததைச் செய்வோம் என்று மட்டும் சொல் என்றார். எங்கள் ஆட்களிடம் இப்படித்தான் பேச வேண்டும் டாக்டர் என்று சொல்லி நான் சிரித்தேன். பெரிய மேதாவி நான்.

அத்தோடு விட்டேனா? ஆப்பரேஷன் தள்ளிப்போனது என்று தெரிந்ததும் அக்கா அழ ஆரம்பித்தார். காலையிலிருந்து நின்ற நிலை, எனக்குப் பசி வேறு. எரிச்சல் தலைக்கு ஏறிவிட்டது. அடுத்த வாரமும் இப்படிப் பிரஷரை ஏற்றிக்கொண்டு வந்தால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது, திருப்பித்தான் அனுப்புவார்கள், கருப்பு முழங்காலுக்கு மேலே போய்விடும், அப்புறம் தொடையோடு எடுக்க வேண்டியதுதான் என்று பொரிந்து தள்ளிவிட்டேன். சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் பயந்து கிடக்கிற மனுஷியிடம் அந்தக் குரலில் சொல்லியிருக்க வேண்டியதில்லை. அக்கா சட்டென்று அழுகையை நிறுத்தினார். சரி தம்பி, இனி ஏறாது என்றார்.

அடுத்த வாரம் வந்தார். பிரஷர் நூற்று இருபத்தெட்டு. நாடி ஐம்பத்தெட்டு. எனக்கு ஒரே சந்தோஷம். என்னக்கா, கோயில் திருவிழாவுக்கு வந்த மாதிரி இருக்கீங்க என்று கிண்டல் பண்ணினேன். அவர் லேசாகச் சிரித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். மருந்துப் பட்டியலைப் படித்துக் காட்டினேன். இதைத் தவிர வேறு மாத்திரை, நாட்டு மருந்து ஏதாவது உண்டா என்று கேட்டேன். இல்லை என்றார். டிக் போட்டேன்.

ஒரு வாரத்தில் நூற்றுப் பத்து எப்படி ஐம்பத்தெட்டு ஆகும்? நேற்று வேலைக்குச் சேர்ந்த பையனுக்கே இந்தக் கேள்வி வந்திருக்கும். எனக்கு வரவில்லை. நான் போட்ட சத்தம் வேலை செய்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். திமிர், வேறென்ன.

சொன்னபடி முதலில் தூங்க வைத்தோம். கண்களில் களிம்பு வைத்து, இமைகளை மூடி டேப் ஒட்டினேன். பிறகு பிளாக். தொடையின் உள்பக்கத்து ஊசி பிரச்சினை இல்லாமல் போயிற்று. தொடைக்குப் பின்னால் போட வேண்டியதுதான் முக்கியமான ஊசி. கால் வீங்கியிருந்ததால் ஸ்கேன் திரையில் எல்லாம் புகை மூட்டமாகத் தெரிந்தது. நிபுணர் இரண்டு தடவை ஊசியின் கோணத்தை மாற்றினார். மருந்து நரம்பைச் சுற்றித்தான் போயிருக்கிறது என்று நினைக்கிறேன், ஆனால் நிச்சயமாகத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பி, நீ நன்றாகப் பார் என்றார். அக்காவுக்கு இருதயம் பலவீனம் என்பதால் மற்ற வலி மருந்தை மிகக் கொஞ்சமாகத்தான் கொடுத்திருந்தார். பிளாக்கை நம்பித்தான் எல்லாமே.

இருபது நிமிடம் கழித்து சர்ஜன் கெண்டைக்காலில் கிள்ளினார். நான் பார்த்தேன். ஐம்பத்தாறு. இன்னும் அழுத்திக் கிள்ளினார். ஐம்பத்தாறு. நாடி அசையவே இல்லை டாக்டர் என்றேன், பரீட்சையில் முதல் மார்க் வாங்கிய குரலில். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து அறையில் ஒரு குழந்தைக்கு மூச்சு சிக்கலாகி நிபுணரை அவசரமாகக் கூப்பிட்டார்கள். ஓர் இளம் டாக்டரை என்னோடு நிறுத்திவிட்டு அவர் ஓடினார். சர்ஜன் தொடங்கலாமா என்று கேட்டார். இளம் டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

தோலை வெட்டும்போது நாடி ஐம்பத்தாறு. தசையை வெட்டும்போது ஐம்பத்தேழு. பிரஷர் மட்டும் நூற்றுப் பதினெட்டிலிருந்து நூற்று முப்பத்து நாலுக்குப் போயிருந்தது. வாள் எலும்பில் ஏறியபோது நாடி ஐம்பத்தெட்டு, பிரஷர் நூற்று நாற்பத்தேழு. பிரஷர் ஏறுதே என்று இளம் டாக்டர் மெதுவாகச் சொன்னார். கையில் கட்டிய பிரஷர் பட்டையில் யாராவது சாய்ந்திருப்பார்கள், அப்படித்தான் காட்டும், நாடியைப் பாருங்கள் கல் மாதிரி நிற்கிறது என்றேன். யாரும் சாயவில்லை. சாய்ந்தார்களா என்று நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இருபத்திரண்டு வருட சர்வீஸ் பேசியது. அந்தப் பிள்ளை வாயை மூடிக்கொண்டது.

அப்போதுதான் வலது கண் டேப்பின் ஓரம் நனைந்திருப்பதைப் பார்த்தேன். டேப்பைத் தூக்கினேன். கண்ணோரத்திலிருந்து ஒரு கோடு இறங்கிக் காதுவரை போயிருந்தது. களிம்பு உருகியிருக்கிறது என்று நினைத்தேன். பஞ்சால் துடைத்தேன். இமையைத் தூக்கிக் கண்மணியைப் பார்த்திருக்கலாம், அரை நிமிட வேலை. பார்க்கவில்லை. புது டேப் கிழித்து ஒட்டினேன். களிம்பு என்றால் விரலில் பிசுபிசுக்கும். இது பிசுபிசுக்கவில்லை, வெறும் தண்ணீராக இருந்தது.

எழுப்பியபோது நிபுணர் திரும்பி வந்திருந்தார். அக்கா கண் திறந்ததும் வழக்கமான கேள்வியைக் கேட்டேன். வலியே இல்லையென்றால் சைபர், தாங்கவே முடியாதென்றால் பத்து, இப்போது எத்தனை? அக்கா என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் நின்ற நிபுணரைப் பார்த்தார். திரும்பவும் என்னைப் பார்த்தார்.

"ரெண்டு தம்பி."

முகம் சாம்பல் பூத்துப்போயிருந்தது. கை கட்டிலின் கம்பியைப் பிடித்திருந்த பிடியில் விரல் கணு வெளுத்திருந்தது. நிபுணர் அந்தக் கையைப் பார்த்தார், இன்னொரு தடவை கேள் என்றார். கேட்டேன். ரெண்டுதான் என்றார் அக்கா. நாடி அறுபது. இரண்டு என்று எழுதினேன். நிபுணர் என் தோளில் தட்டிவிட்டுப் போனார். நான் கேன்டீனுக்குப் போய் மீ கோரேங் வாங்கி, கூட ஒரு முட்டையும் போடச் சொல்லிச் சாப்பிட்டேன். நன்றாகச் சாப்பிட்டேன் என்பது ஞாபகம் இருக்கிறது.

சாயங்காலம் வேலை முடிந்து, வார்டில் ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று போனேன். பார்வையாளர் நேரம். வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. அக்காவின் மகள் வார்டு வாசலில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தது. அழுது முகம் வீங்கியிருந்தது. அம்மா வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை, நர்ஸ் வந்து கேட்டால் மட்டும் ரெண்டு என்று சொல்கிறார்கள், நர்ஸும் சாதாரண வலி மாத்திரை கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள் என்றது. அப்புறம், உள்ளே போய்ப் பாருங்கண்ணே என்றது.

போய்ப் பார்த்தேன். அக்கா போர்வையின் முனையைச் சுருட்டி வாய்க்குள் அடைத்து வைத்திருந்தார். நெற்றியெல்லாம் வேர்வை. போர்வையை மெல்ல இழுத்து எடுத்தேன். கடித்துக் கடித்துத் துணி நைந்துபோயிருந்தது. கீழுதட்டில் ரத்தம் காய்ந்திருந்தது.

எனக்குக் கோபம்தான் வந்தது. என்ன ஜென்மமோ நான். கேட்டபோதெல்லாம் ஏன் சொல்லவில்லை, வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தீர்கள் என்று கத்தினேன். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா பேச முயற்சி பண்ணி, முடியாமல், மூச்சை இழுத்துவிட்டு அப்புறம் சொன்னார்.

"அந்த டாக்டரம்மா முன்னுக்கு வலிக்காதுன்னு நீ சொன்ன. நம்ம லயத்துப் பிள்ள. நாலு பேருக்கு முன்னால உன் வாயப் பொய்யாக்க எனக்கு மனசு வரலப்பா."

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

தோட்டத்தில் இருந்தவர்களுக்கு இது புரியும். விடியற்காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்கு நிற்கும்போது, கணக்கெழுதுகிற கிராணியும் வேலை வாங்குகிற கங்காணியும் முன்னால் நிற்க, நம்ம ஆள் சொன்னதை இன்னொரு நம்ம ஆள் மறுத்துப் பேசமாட்டான். ஒருத்தன் மரத்தைக் காயம்பட வெட்டியிருந்தால் பக்கத்து மர நிரைக்காரி நான்தான் வெட்டினேன் என்று திட்டு வாங்கிக்கொள்வாள். உள்ளே வந்து தலைமுடியைப் பிடித்துச் சண்டை போட்டுக்கொள்ளலாம், அது வேறு. வெளியாள் முன்னால் விட்டுக்கொடுக்கக்கூடாது. நான் பிறந்து வளர்ந்த இடமே அதுதான். எத்தனை பேர் எனக்காக அப்படி நின்றிருக்கிறார்கள். ஆனாலும் அந்த நிபுணரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வெள்ளை விளக்கின் கீழே நின்று, உங்களுக்கு வலிக்கிறதா என்று நான் கேட்டேன். வேறென்ன சொல்வார்?

அப்போது என் கை அக்காவின் மணிக்கட்டில் இருந்தது. பழக்கதோஷம், விரல் தானாக நாடியை எண்ணியது. அறுபத்திரண்டு. போர்வையைக் கடித்துக் குதறிக்கொண்டிருக்கிற மனுஷிக்கு நாடி அறுபத்திரண்டு. வெளியே வந்து மகளிடம் கேட்டேன், அம்மா என்ன மாத்திரை போட்டார்கள், மறைக்காமல் சொல் என்று.

அந்தப் பெண் கைப்பையைத் திறந்து, கைக்குட்டையில் முடிந்திருந்த ஒரு மாத்திரை அட்டையை எடுத்துக் கொடுத்தது. அவர்கள் வீட்டுக்குக் கீழே சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிற பாய்க்கு ஏற்கனவே ஒரு தடவை நெஞ்சுவலி வந்திருக்கிறது. இது அவருடைய மாத்திரை. படபடப்பை அடக்கி நாடியைப் பிடித்து வைக்கிற மாத்திரை. அக்கா போய்ப் பிரஷர் ஏறிவிடும் என்று அழுதிருக்கிறார். பாயும் நல்ல மனதோடு, இதைப் போடுங்க, நெஞ்சு கப்சிப் என்று அடங்கிவிடும் என்று ஒரு அட்டையைக் கொடுத்திருக்கிறார். எங்கள் அடுக்குவீடுகளில் கறிவேப்பிலை மாதிரி மாத்திரையும் வீட்டுக்கு வீடு போகும். மூன்று நாளாக ஒன்று ஒன்று. ஆப்பரேஷன் அன்று காலையில் வார்டில் யாருக்கும் தெரியாமல் இரண்டு. நான் திருப்பி அனுப்பிவிடுவேன் என்று.

அந்த மாத்திரை ரத்தத்தில் இருந்தால், கிள்ளினாலும் சரி, அறுத்தாலும் சரி, நாடி துள்ளாது. உடம்பு கத்தியிருக்கிறது. நான் காது கொடுத்த ஒரே இடத்தில் அதற்குக் குரல் இல்லை. மற்ற இடங்களில் இருந்தது. பிரஷர் சொன்னது, கண் சொன்னது. நான்தான் ஒவ்வொன்றுக்கும் ஒரு சமாதானம் வைத்திருந்தேன்.

நிபுணருக்குப் போன் பண்ணினேன். ஆப்பரேஷன் அறைச் செருப்போடு அப்படியே ஓடி வந்தார். மாத்திரையைச் சொன்னேன். பிரஷர் ஏறியதையும், யாரோ சாய்ந்தார்கள் என்று நான் இளம் டாக்டரின் வாயை அடைத்ததையும் சொன்னேன். எனக்காக அக்கா ரெண்டு என்று சொன்னதையும் சொன்னேன். கண்ணைத் துடைத்ததை மட்டும் சொல்லவில்லை. மற்றதெல்லாம் கவனக்குறைவு என்று ஆகிவிடும். இது என் கையால் நான் செய்தது. அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

வலிக்கு வேறு மருந்து கொடுத்து, அக்காவைக் கீழே ஆப்பரேஷன் அறைக்குக் கொண்டுபோய், விழித்திருக்கும்போதே மறுபடி பிளாக் போட்டார். இந்தத் தடவை படம் தெளிவாகக் கிடைத்தது. நான் ஐஸை எடுத்துக்கொண்டு குனிந்து, எனக்காகச் சொல்லாதீங்கக்கா, உள்ளதைச் சொல்லுங்க என்றேன். கால் எடுத்த இடத்துக்குக் கொஞ்சம் மேலே வைத்தேன். குளிருது என்றார். ஐந்து நிமிடம் கழித்து வைத்தேன். குளிருது. மறுபடி வைத்தேன். லேசா. அப்புறம் ஒருமுறை வைத்தபோது, எங்க வெக்கிற என்று கேட்டார். கம்பியைப் பிடித்திருந்த கை தானாக விட்டது. அப்படியே தூங்கிப்போனார். சுவரில் கடிகாரத்தைப் பார்த்தேன். வாள் வைத்ததிலிருந்து கிட்டத்தட்ட ஏழு மணி நேரம் ஆகியிருந்தது.

இப்போதெல்லாம் நான் கேட்கிற விதமே வேறு. வேறு மாத்திரை உண்டா என்று கேட்பதில்லை. அடுத்த வீட்டு மாத்திரை ஏதாச்சும் போட்டீங்களா, நானும் போடுவேன், திட்டமாட்டேன் என்று கேட்கிறேன். தலையைக் குனிந்துகொண்டு ஆமாம் என்கிறார்கள். யாருக்கும் வலிக்காது என்று வாக்குக் கொடுப்பதில்லை. எழுந்தபின் வலியைக் கேட்கும்போது மற்றவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிடுகிறேன். நிபுணர் அதற்கு ஏன் என்று கேட்பதில்லை.

அக்காவுக்குப் புண் ஆறிவிட்டது. வலி ஆறவில்லை. இல்லாத காலில் வலி. கருத்துப்போன அந்தப் பெருவிரலில் யாரோ கங்கு வைக்கிற மாதிரி இருக்கிறது என்கிறார். கால் எடுத்தவர்களுக்கு இப்படி வருவது உண்டு. அன்றைக்கு அந்த ஏழு மணி நேரம் வலியில் கிடந்ததால் வந்ததா, இல்லை எப்படியும் வந்திருக்குமா என்று நிபுணரிடம் கேட்டேன். தெரியாது, யாராலும் சொல்ல முடியாது என்றார். தினமும் வலி எத்தனை என்று எழுதிவர ஒரு சிறிய புத்தகம் கொடுத்திருக்கிறார். மகளுக்கு ஷிப்ட் என்பதால் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போய் எழுதுகிறேன்.

போன ஞாயிறு போனபோது பாய் கடை வாசலில் பரோட்டா மாவை அடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். அன்றைக்கு அக்காவுக்கு நான் கொடுத்த மாத்திரை வேலை செஞ்சுச்சா தம்பி என்று கேட்டார். செஞ்சுச்சு பாய் என்றேன். அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லி, காசு வாங்காமல் நாலு பரோட்டா கட்டிக் கொடுத்தார். அதைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறினேன்.

அக்கா சக்கர நாற்காலியில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்திருந்தார். பசியாறியாச்சா என்று கேட்டார். மகள் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தது. நீ பக்கத்துல நின்னதுனாலதான் தம்பி உள்ள எனக்கு ஒண்ணுமே தெரியல, வாள் சத்தம்கூடக் கேக்கல என்று அக்கா வழக்கம்போல ஆரம்பித்தார். ஒவ்வொரு வாரமும் இதைச் சொல்வார். நானும் ஒவ்வொரு வாரமும் தலையை ஆட்டிக்கொண்டு கேட்பேன். அன்றைக்கு முடியவில்லை.

"அக்கா, உள்ள உங்க கண்ணுல தண்ணி வந்துச்சு. உங்களுக்கு வலிக்குதுன்னு அது. நான் பாத்தேன். பாத்துட்டு, தொடச்சு விட்டுட்டேன். யார்கிட்டயும் சொல்லல."

சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தேன். திட்டட்டும், காறித் துப்பட்டும் என்றுதான் இருந்தேன். நிமிர்ந்தால் அக்காவின் கண் கலங்கியிருந்தது. என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"தொடச்சு விட்டியா? பெத்த பிள்ள மாதிரி" என்றார்.

இல்லக்கா, அப்படி இல்ல என்று சொல்ல வாய் எடுத்தேன். தேத்தண்ணி ஆறுது, குடி என்றார். குடித்தேன். பிறகு புத்தகத்தை எடுத்துப் பேனாவைத் திறந்து, இன்றைக்கு எத்தனை என்று கேட்டேன்.

"ரெண்டு" என்றார் அக்கா.

நாற்காலிக்குப் பின்னால் நின்ற மகள் இரண்டு கையையும் தூக்கி எட்டு விரல் காட்டியது. நான் அக்கா பார்க்காதபடி புத்தகத்தைச் சாய்த்து வைத்துக்கொண்டு எட்டு என்று எழுதினேன்.